பழைய திருப்புதல், ஒத்துவாக்கியப் பதிப்பு: கிறிஸ்து மனுஷரானதைப் படிக்க ஏற்றதா?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான அட்வெந்து பிறந்ததும் மதுரை வீட்டு ஜெபக்கூட்டங்களில் யோவான் 1:14 வாசிக்கப்படும். பலர் கையிலும் இருப்பது பழைய திருப்புதல்தான். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு. அதையே, தொடர்புள்ள வசனங்களை ஓரக்குறிப்பில் காட்டி அச்சிட்டது ஒத்துவாக்கியப் பதிப்பு. கிறிஸ்து மனுஷரானார் என்ற இந்த ஒரு பாடத்துக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில் அதன் பலம். ‘அந்த வார்த்தை மாம்சமாகி’ என்பதை எந்தப் புதிய மொழிபெயர்ப்பும் வெல்லவில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘வாக்கு மனிதர் ஆனார்’ என்கிறது. பொருள் சரி, ஆனால் கனம் குறைகிறது. கிரேக்கத்தில் உள்ள ‘சார்க்ஸ்’ நோகிற, பசிக்கிற, சாகிற உடம்பையும் சேர்த்துச் சொல்லும் சொல். ‘மாம்சமெல்லாம் புல்லைப்போல’ என்ற ஏசாயா 40:6ஐ இதோடு சேர்த்து வாசித்தால், வாடிப்போகிற அந்தப் புல்லாகவே அவர் ஆனார் என்பது புரியும். அதே சொல் கலாத்தியர் 5:19இல் பாவ சுபாவத்தைக் குறிக்கிறது. புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். இரண்டையும் முதல் நாளே பிரித்துக் காட்டிவிட வேண்டும்.

பெரிய சிக்கல் பிலிப்பியர் 2:7. ‘மனுஷர் சாயலானார்’ என்கிறது பழைய திருப்புதல். நம் பேச்சில் ‘பிள்ளை அப்பா சாயல்’ என்றால் பார்க்க அப்படி இருக்கிறான் என்றுதான் அர்த்தம். அதனால் இயேசு மனிதர் போலத் தோன்றினார், உண்மையில் மனிதர் அல்ல என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். ஆதிச் சபை எதிர்த்துப் போராடிய தவறு இதுவேதான். அவதாரக் கதைகள் கேட்டு வளர்ந்த ஊரில், எடுத்த உருவத்தை வேலை முடிந்ததும் விட்டுவிட்டுப் போனார் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்த வசனத்தைத் தனியே வாசிக்கவே கூடாது. உடனே எபிரெயர் 2:14, 1 யோவான் 4:2, பிறகு லூக்கா 24:39. உயிர்த்தெழுந்த பின்னும் ‘மாம்சமும் எலும்புகளும்’ தமக்கு உண்டென்று அவரே சொல்கிறார். ஏற்ற மனிதத்தை அவர் கழற்றி வைக்கவில்லை. கி.பி. 451இல் சபைத் தலைவர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் முழுத் தெய்வம், முழு மனிதர், ஒரே ஆள் என்று அறிக்கையிட்டதும் இதைத்தான்.

யோவான் 1:14இல் அடுத்து வரும் ‘வாசம்பண்ணினார்’ என்பதில் ஓர் இழப்பு உண்டு. மூலச் சொல் ‘கூடாரமடித்தார்’. யாத்திராகமம் 40:34இல் கர்த்தருடைய மகிமை, இஸ்ரவேலரின் ஆராதனை இடமான ஆசரிப்புக் கூடாரத்தை நிரப்பியதை யோவான் நினைவூட்டுகிறார். அதனால்தான் அடுத்த வரி ‘மகிமையைக் கண்டோம்’. ஓரக்குறிப்பு இல்லாத பதிப்பில் இந்தத் தொடர்பு கண்ணில் படாது.

லூக்கா 2:7இல் ‘சத்திரம்’ என்றதும் மதுரைக்காரர் மனதில் வருவது ரயில் நிலையம் எதிரே உள்ள மங்கம்மாள் சத்திரம். லூக்கா இங்கே எழுதியது ‘கட்டாலுமா’; கடைசிப் பஸ்கா அறைக்கும் (22:11) அதே சொல். வீட்டு விருந்தினர் அறை என்றும் பொருள்படும். நல்ல சமாரியன் கதையின் சத்திரத்துக்கு (10:34) அவர் வேறு சொல் போடுகிறார். பழைய திருப்புதலில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. ‘முன்னணை’ இளைஞர்களுக்குப் புரிவதில்லை. பொது மொழிபெயர்ப்பின் ‘தீவனத் தொட்டி’ மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் மாடு வளர்க்கும் வீடுகளில் விளக்கமே கேட்காது.

எனவே ஒத்துவாக்கியப் பதிப்பை வாங்கலாம், ஆனால் பக்கத்தில் பொது மொழிபெயர்ப்பும் இருக்கட்டும். சத்தமாக வாசிக்கப் பழையது, அர்த்தம் சொல்லப் புதியது. 1 தீமோத்தேயு 3:16இல் பழையது ‘தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்’ என்கிறது, புதியதில் அந்த இடத்தில் ‘தேவன்’ என்ற சொல் இருக்காது. காரணம் கையெழுத்துப் பிரதிகளின் வேறுபாடு; யாரும் வசனத்தை வெட்டவில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கடையில் யோவான் முதல் அதிகாரத்தைத் திறந்து, ஓரக்குறிப்பின் பொடி எழுத்து குழல்விளக்கில் தெரிகிறதா என்று பாருங்கள். மூத்தவர்களுக்குத் தெரியாவிட்டால், அவர்களுக்குப் பெரிய எழுத்துப் பதிப்பு, நடத்துகிறவருக்கு மட்டும் ஒத்துவாக்கியப் பதிப்பு.