ஒரே நோட்டு, ஒரே ஒருங்கிணைப்பாளர்: வீட்டுக்கே வரும் பராமரிப்புச் சேவை பற்றி

இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதிலிருந்து இந்தச் சேவையில் இருக்கிறேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தனியாகத்தான் இருக்கிறேன், இனியும் அப்படியே இருக்க ஆசை. குறையும் சொல்லப்போவதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம்.

காலையில் குளிக்க உதவ ஒரு பெண், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், வீட்டைப் பார்த்து எதை எங்கே மாற்றலாம் என்று சொல்லும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், மருந்துகளைச் சரிபார்க்க ஒரு மருந்தாளுநர். இவர்களைத் தனித்தனியாகவும் பிடிக்கலாம். முதலில் நானும் அப்படித்தான் பிடித்தேன். வருகிற ஒவ்வொருவரிடமும் எந்தப் பக்கத்து இடுப்பு, எப்படி விழுந்தேன், என்னென்ன மாத்திரை என்று முதலிலிருந்து ஒப்பிக்க வேண்டியிருந்தது. இங்கே எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒருங்கிணைப்பாளர், ஒரே நோட்டு. நோட்டு என் வீட்டில், தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. யார் வந்தாலும் முந்தையவர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறார்கள்.

கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். ஆனால் என்னைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான். குளிக்க உதவும் பெண் ஒரு நாள், "அம்மா கட்டிலிலிருந்து எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொள்கிறார்" என்று ஒரு வரி எழுதி வைத்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, வயதானால் அப்படித்தான் என்று விட்டிருந்தேன். அடுத்து வந்த நர்ஸ் அதைப் படித்துவிட்டு, என்னை ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். அப்புறம் நிற்க வைத்து ஒன்றாவது நிமிடம் ஒரு தடவை, மூன்றாவது நிமிடம் ஒரு தடவை. நின்றதும் மேல் அளவு 20 இறங்கினாலோ கீழ் அளவு 10 இறங்கினாலோ கவனிக்க வேண்டுமாம். எனக்கு அதற்கு மேலேயே இறங்கியிருந்தது. மருந்தாளுநர் மாத்திரைப் பட்டைகளையெல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தார். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்ததும், என் பழைய டாக்டர் கொடுத்துவந்ததும் வேறு வேறு பெயரில் ஒரே வகைப் பிரஷர் மாத்திரை! டாக்டரிடம் பேசி ஒன்றை நிறுத்தினார்கள். தலைசுற்றல் அடங்கிவிட்டது. குளியலறையில் கைப்பிடிக் கம்பி போட்டார்கள், கட்டிலைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், எல்லாம் நல்லதுதான். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இவ்வளவும் இருந்தும் நான் மறுபடி விழுந்திருப்பேன்.

முதல் நாள் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். குளியல், உடை, கழிப்பறை, எழுந்து உட்காருவது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு, தானாகச் சாப்பிடுவது என்று ஆறு கேள்விகள். 1963இல் கட்ஸ் என்ற மருத்துவர் வெளியிட்ட பட்டியல். இன்றும் பல இடங்களில் இதுதான் அடிப்படை. அதோடு லாட்டனும் பிராடியும் 1969இல் சேர்த்த எட்டு: தொலைபேசி, கடைக்குப் போவது, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்து, பணக் கணக்கு. எது முடியும், எது முடியாது என்று நல்ல அலசல். எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. ஓரத்தில் நானே எழுதினேன்: "மாடிக்குப் போய் என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்."

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் தயங்கினார். பிசியோவோ முடியும் என்றார். தனித்தனி ஆட்களாக இருந்திருந்தால் இருவருக்கும் நடுவில் நான் மாட்டியிருப்பேன். இங்கே இருவரும் சேர்ந்து ஒரே நாளில் வந்து, படிக்கட்டின் இன்னொரு பக்கமும் கம்பி வைக்கச் சொன்னார்கள். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். இதைப் பழகவே கொஞ்ச காலம் ஆனது. இப்போது செடிகள் பிழைத்துக்கொண்டன.

சரி, குறைக்கு வருகிறேன். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான், பதிவேட்டைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. ஒரு நாள் நோட்டில் இப்படி இருந்தது: "வாரத்தில் மூன்று நாள் பகல்நேர மையத்துக்கு மாற்றம். மகனுக்குத் தெரிவிக்கப்பட்டது." எனக்கு? ஒருங்கிணைப்பாளர், பிசியோ, என் மகன் மூவரும் போனிலேயே முடிவெடுத்திருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து வேலை செய்வதில் உள்ள ஆபத்தே இதுதான்; சம்பந்தப்பட்ட ஆளைத் தவிர மற்ற எல்லாரும் ஒத்துப்போய்விடுவார்கள். மகனிடம் கோபமில்லை, அவன் பயம் அவனுக்கு. அவனிடம் பேசிவிட்டால் என்னிடம் பேசியதாகும் என்று இவர்கள் நினைத்ததுதான் தப்பு.

எங்கே, யாருடன் வாழ்வது என்பதை அவரவரே முடிவு செய்ய வேண்டும், ஒரு குறிப்பிட்ட ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சொல்கிறது. 2006இல் ஏற்கப்பட்டது. இடுப்பு முறிந்த கிழவிக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். போலியோவால் உடல் செயலிழந்து, மூச்சுவிட உதவும் இரும்பு நுரையீரல் என்ற இயந்திரத்துக்குள் படுத்து உறங்கிய எட் ராபர்ட்ஸ்தான் 1972இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தன் நண்பர்களோடு சேர்ந்து, மாற்றுத்திறனாளிகள் தங்கள் விருப்பப்படி வாழ உதவும் சுயாதீன வாழ்வு மையத்தைத் தொடங்கினார். அவருக்கு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஆள் உதவி தேவைப்பட்டது. என்ன உதவி, எப்போது என்பதை அவர்தான் சொன்னார். நான் கேட்பதும் அவ்வளவுதான். சண்டை போட்ட பிறகு அந்த மாற்றத்தை அடித்துவிட்டு, இனி என் கையெழுத்து இல்லாமல் திட்டம் மாறாது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இன்னொன்று, ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. குளிக்க வைக்க வாரத்துக்கு ஒரு புது முகம் வந்தால் எப்படி? நெதர்லாந்தில் 2006இல் தொடங்கிய ப்யூர்ட்சோர்க் என்ற அமைப்பில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு நர்ஸ் குழு ஒரு பகுதியைத் தாங்களே நிர்வகித்துப் பார்த்துக்கொள்கிறது. தெரிந்த முகங்களே திரும்பத் திரும்ப வர அது தோதான ஏற்பாடு. இங்கே மேலிருந்து யாரோ அட்டவணை போடுகிறார்கள். பத்தரைக்குத்தான் குளியல் என்றால் பத்தரைதான்.

சேர நினைப்பவர்கள் மூன்று விஷயம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நோட்டு உங்கள் வீட்டில் இருக்குமா, அவர்கள் அலுவலகத்தில் இருக்குமா? திட்டத்தை மாற்ற யார் கையெழுத்து வேண்டும்? சனி, ஞாயிறு போனை யார் எடுப்பார்கள்? முதல் இரண்டும் எனக்குச் சரியாகிவிட்டன. மூன்றாவதற்கு இன்னமும் பதிவு செய்த குரல்தான் பதில் சொல்கிறது. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனிதக் குரல் கேட்டால் அரை நட்சத்திரம் கூட்டிவிடுவேன்.