சுங்கை சிப்புட் பாத்திரக் கடை: சில்வரை வாங்கலாம், மூங்கில் கப் வேண்டாம்

மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் இந்தப் பழைய பாத்திரக் கடையில், உணவில் பிளாஸ்டிக் துகள் கலக்காத சாமான் கிடைக்குமா என்றால், முக்கால்வாசி கிடைக்கும். மீதிக் கால்வாசியில்தான் ஏமாற வாய்ப்பு.

வீட்டில் எதை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். சூடு, எண்ணெய், கத்தி படுகிற பிளாஸ்டிக்தான் அதிகம் உதிரும். மைக்ரோவேவில் 3 நிமிடம் வைத்த பிளாஸ்டிக் டப்பாவின் ஒரு சதுர சென்டிமீட்டரிலிருந்து 4.22 மில்லியன் நுண்துகள்கள் வரை வெளிவந்ததாக நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் 2023ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அரிசி, பருப்பு போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் டின்னை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இட்லிக் கொப்பரையும் டிபன் கேரியரும் இங்கே அருமையான சரக்கு. அடியில் 304 என்று அச்சு இருக்கிறது. அது சில்வரின், அதாவது துருப்பிடிக்காத எஃகின், ரக எண்: குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு. புளிக்குழம்பு, ரசம் எல்லாம் தாங்கும். வாசலில் குவித்திருக்கும் மலிவுச் சட்டிகளில் எந்த எண்ணும் இல்லை. "காந்தம் ஒட்டல பாருங்க, நல்ல சில்வர்" என்று கடையில் சொல்வார்கள். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. உப்பும் புளியும் தொடர்ந்து பட்டால் அதில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். அச்சு இல்லாததைத் தொடாதீர்கள்.

கேரியரில் தண்ணீர் ஊற்றி, மூடி, சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். காப்பிக் கடையில் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் தே தாரிக்கையும் கறிக்குழம்பையும் இதில் வாங்கி வரலாம். புதுப் பாத்திரத்தில் மெருகேற்றிய கறுப்பு மாவு ஒட்டியிருக்கும். சோப்புக்கு அது போகாது. சமையல் எண்ணெய் தொட்ட துணியால் கறுப்பு வராத வரைக்கும் துடைத்து, அப்புறம் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

'இயற்கை' என்று ஒட்டி அடுக்கியிருக்கும் மூங்கில் கப்புகள்தான் இந்தக் கடையின் பெரிய குறை. மூங்கில் தூளை மெலமின் பிசினில் குழைத்து வார்த்தவை அவை, மெலமினும் பிளாஸ்டிக்தான். கொதிக்கும் காப்பியோ எலுமிச்சைச் சாறோ பட்டால் மெலமினும் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனமும் கசியும். ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இவற்றின் விற்பனையைத் தடுக்கத் தனி நடவடிக்கையே எடுத்தது. குழந்தைகளுக்கென்று பூப்படம் போட்டு விற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பிங்கான் மங்கு அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது, அதை எடுங்கள்.

வெட்டுப் பலகைக்கு ரப்பர் மரம் நல்லது. தோட்டத்தில் 25, 30 வருடம் பால் வெட்டி முடித்தபின் ஆலைக்குப் போகும் அதே மரம். துண்டு துண்டாகப் பசை வைத்து ஒட்டியிருப்பதால், இணைப்பில் நகம் நுழைகிற பலகையைத் தள்ளுங்கள். தண்ணீரில் ஊறப் போட்டால் இணைப்பு விரியும், கறுப்புப் பூஞ்சை பிடிக்கும். கழுவியதும் காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். வெட்டுக்காயம் ஆழமானால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பலகையைத் தேய்த்தால் பிளாஸ்டிக் துகள்தான் உதிரும்.

மரக் கரண்டிகளில் பளபளப்பானவை வார்னிஷ் அடித்தவை, சூட்டில் உரியும். பூச்சில்லாத கரண்டிகள் உள்ளே இருக்கின்றன. கேட்டால் எடுத்துத் தருவார்கள்.