இரண்டு சந்திரகுப்தர்கள், இரண்டு தொடக்கங்கள்

மௌரியப் பேரரசைத் தொடங்கியவரும் சந்திரகுப்தர், குப்தப் பேரரசுக்கு அடித்தளமிட்டவரும் சந்திரகுப்தர். இடைவெளி ஏறத்தாழ 640 ஆண்டுகள். எழுந்த விதம் முற்றிலும் வேறு.

சந்திரகுப்த மௌரியர் கி.மு. 321 வாக்கில் மகதத்தை ஆண்ட நந்தர்களை வீழ்த்திப் பாடலிபுத்திரத்தைப் பிடித்தார். பிறகு அலெக்சாந்தரின் தளபதியாக இருந்த செலூக்கஸுடன் மோதி, 500 யானைகளைக் கொடுத்து, சிந்துவுக்கு மேற்கே பெரும் நிலப்பரப்பைப் பெற்றார். செலூக்கஸும் ஏமாளி அல்லர், கி.மு. 301இல் இன்றைய துருக்கியில் நடந்த இப்சஸ் போரில் அவருக்கு வெற்றி தேடித்தந்தவை அந்த யானைகளே.

குப்தரான முதலாம் சந்திரகுப்தரின் பாட்டனும் தந்தையும் வெறும் ‘மகாராஜா’க்கள். கி.பி. 320 வாக்கில் ‘மகாராஜாதிராஜா’ ஆன இவருக்குக் கைகொடுத்தது திருமண உறவு. வடஇந்தியாவின் பழம்பெரும் குலமான லிச்சவியரின் இளவரசி குமாரதேவியை மணந்தார். இருவரின் உருவமும் பொறித்த பொற்காசே இருக்கிறது. மகன் சமுத்திரகுப்தரும் தம்மை லிச்சவியரின் பேரன் என்று அலகாபாத் தூணில் பெருமையாகப் பொறித்துக்கொண்டார். அந்தத் தூணே சந்திரகுப்த மௌரியரின் பேரன் அசோகருடையது!

காஞ்சியின் விஷ்ணுகோபன் உள்ளிட்ட தென்னக மன்னர்களைச் சமுத்திரகுப்தர் பிடித்து, விடுவித்துவிட்டார். மௌரியர்களோ வென்ற நாடுகளில் இளவரசர்களையும் அதிகாரிகளையும் அமர்த்தினார்கள். துணிச்சலில் மௌரியருக்கே என் வாக்கு. ஆனால் அவர் வம்சம் சுமார் 140 ஆண்டுகளில் முடிந்தது, குப்தர்கள் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள்.