குவில்ட் தைக்கலாம்னு சொல்லி 19,500 ரூபாயைக் கறந்துட்டாங்க: மதுரையில தையல் மிஷின் வாங்கப் போறவங்க படிங்க

கடை பேரைக் கேக்காதீங்க, போட மாட்டேன். புகார் குடுத்திருக்கேன், அது முடியட்டும். டவுனுக்குள்ள இருக்கிற ஒரு தையல் மிஷின் கடை, அம்புட்டுதான். 19,500 ரூபாய் போன வயித்தெரிச்சலை எங்கயாச்சும் கொட்டித்தான் ஆகணும், அதான் எழுதுறேன். குவில்ட் தைக்க மிஷின் வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

நான் சுங்குடித் துண்டுகளைச் சேர்த்துக் குழந்தைங்களுக்குக் குவில்ட் தைச்சுக் குடுக்கிறவ. மேல ஒட்டுத்துணி, நடுவுல பஞ்சு ஷீட், அடியில ஒரு காட்டன். மூணையும் சேர்த்து நேர்கோட்டுல ஓட்டுறதுக்கு எந்த மிஷினும் போதும். எனக்கு வேண்டியது ஃப்ரீ மோஷன். துணியைத் தள்ளிக்கிட்டுப் போற பல்லு இருக்குல்ல, ஃபீட் டாக்கும்பாங்க, அதைக் கீழ இறக்கிடணும். ஊசியோட சேர்ந்து குதிக்கிற டார்னிங் ஃபுட்டை மாட்டணும். அப்புறம் துணியை நம்ம கையாலயே நாலு பக்கமும் நகர்த்தி நெளி, வளையம், மாங்கான்னு இஷ்டத்துக்கு வரையலாம். தையல் நீளத்தை மிஷின் முடிவு பண்ணாது. மோட்டார் வேகமும் கை வேகமும் ஒத்துப்போனாத்தான் தையல் சீரா விழும்.

இதையெல்லாம் கடையில அப்படியே சொன்னேன். பையில ஒரு சின்ன குவில்ட் துண்டும் கொண்டு போயிருந்தேன். கடைக்கார அண்ணன் அதை வாங்கித் தடவிப் பாத்தார். “அடடே, சுங்குடியா? எங்கம்மா கட்டுவாங்க தங்கச்சி”ன்னார். டிஸ்ப்ளேல இருந்த ஒரு மிஷினை இழுத்து, பின்பக்கம் இருந்த நெம்பைத் தள்ளினார். பல்லு உள்ள போயிடுச்சு. என் துண்டையே ஊசிக்கடியில வச்சு, பேசிக்கிட்டே ஒரு பூவும் ரெண்டு இலையும் போட்டுக் குடுத்தார். திருப்பிப் பாத்தேன், அடித்தையலும் மேல் தையலும் ஒண்ணு போல இருந்துச்சு. அந்தப் பூவைப் பாத்த பிறகு எவளுக்கு சந்தேகம் வரும்? வீடியோ கூட எடுத்துக்கிட்டேன், வீட்டுல வந்து அதே மாதிரி பழகலாம்னு.

விலை 21,500. வீட்டுல இருந்த பழைய கறுப்பு மிஷினை எக்ஸ்சேஞ்சுக்கு 2,000ன்னு எடுத்துக்கிட்டாங்க. மிச்சம் 19,500 ஜிபே பண்ணேன். பில் கேட்டா, “பிரிண்டர் ரிப்பேர்ம்மா, வாட்ஸ்அப்ல வந்துரும்”. கையில குடுத்தது எஸ்டிமேட்னு போட்ட துண்டுச்சீட்டு, அதுல மாடல் நம்பரே இல்ல.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரிச்சா, பின்னாடி நெம்பைக் காணோம். முன்னாடி, அடியில, எங்கயும் இல்ல. நிறமும் உருவமும் கடையில பாத்த மாதிரியேதான். வீடியோவை நிறுத்தி ஸ்டிக்கரைப் பெருசாக்கிப் பாத்தா, மாடல் நம்பர்ல கடைசி எழுத்து மட்டும் வேற. கடையில காட்டினது ஒண்ணு, பெட்டியில போட்டது இன்னொண்ணு.

போன் போட்டேன். “அந்த மாடலுக்கு நெம்பு வராதும்மா, பல்லு மேல போட்டு மூடுற தகடு தர்றோம்.” தகடு வந்துச்சு. அதோட ஓட்டையும் என் மிஷின் ஊசி இறங்குற இடமும் நேர்ல வரல. ஊசி தகட்டுல அடிச்சு முறிஞ்சு, முனை எங்க தெறிச்சுதுன்னு தேடிக்கிட்டுக் கிடந்தேன். பக்கத்துல பிள்ளை விளையாடிக்கிட்டு இருந்துச்சு, நல்லவேளை அது மேல படல.

பல்லை இறக்காமலே, தையல் நீளத்தைப் பூஜ்யத்துல வச்சு ஓட்டலாமேன்னு தெரிஞ்சவங்க கேப்பீங்க. ஓட்டலாம், நிறைய பேர் அப்படித்தான் தைக்கிறாங்க. ஆனா அதுக்கும் டார்னிங் ஃபுட் வேணும்ல? இவங்க ஃப்ரீயா குடுத்த ஃபுட், ஃபுட்டை மாட்டுற கம்பி உயரமா இருக்கிற மிஷினுக்கு உள்ளது. என்னோடது குட்டைக் கம்பி. திருகு மாட்டுற இடமே சேரல. மாத்திக் குடுங்கன்னா, “ஸ்டாக் வரட்டும்.” இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.

வேற இடத்துல குட்டை ஃபுட் வாங்கி மாட்டிப் பாத்தேன். மேல பாக்க அழகா இருக்கு. திருப்பினா அடியில கொத்துக் கொத்தா நூல் வளையம், குருவிக்கூடு கணக்கா. அடியில கூடு கட்டினா கோளாறு பெரும்பாலும் மேல் நூல்லதான். அதனால ஃபுட்டைத் தூக்கி வச்சு, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள நூல் நல்லா உட்காருற மாதிரி மறுபடி கோத்தேன். புது ஊசி, 90/14 சைஸ். அடி நூல் சுத்துற பாபினையும் மாத்திச் சுத்தினேன். அசையல. பிரிச்சா சுங்குடி மெல்லிசு துணி பாருங்க, ஊசி போன இடமெல்லாம் பொத்தல் பொத்தலா நிக்குது. சுங்குடியில முடிச்சுப் போட்டு வர்ற கட்டுப்புள்ளி எது, பொத்தல் எதுன்னு தெரியல.

கடையில என்ன சொன்னாங்க தெரியுமா? “நூல் கோக்கத் தெரியலம்மா உங்களுக்கு.” அப்புறம், “கை பழகணும்.” அப்புறம், “கம்பெனி ஆள் வருவார்.” அந்த ஆள் வந்தார். பாபின் கேஸ் திருகை இறுக்கினார், ஒரு லேயர் பாப்ளின்ல நேர்த்தையல் ஓட்டினார், “நல்லாத்தானே இருக்கு”ன்னார். குவில்ட்டை நீட்டினேன். “மேடம், இது துணி தைக்கிற மிஷின். மெத்தை தைக்கிற மிஷின் இல்ல”ன்னு சொல்லிட்டு, விசிட்டுக்கு 350 கேக்குறார்! குவில்ட்டுக்குன்னு சொல்லித்தானய்யா 19,500 வாங்கினீங்க?

குன்னத்தூர் சத்திரத்துல ஒரு டெய்லர் ஐயா இருக்கார், முந்தி மீனாட்சி கோயில் பக்கத்துப் புது மண்டபத்துல உட்கார்ந்து தைச்சவர். தூக்கிக்கிட்டுப் போய்க் காட்டினேன். பக்கவாட்டுக் கவரைத் திறந்து, சக்கரத்தைக் கையால மெதுவா சுத்திக்கிட்டே ஊசியையும் அடியில நூலைப் பிடிக்கிற கொக்கியையும் பாத்தார். ஊசி கீழ போய் மேல ஏற ஆரம்பிக்கும்போது கொக்கி வந்து நூலைப் பிடிக்கணும். இதுல கொக்கி பிந்தி வருதாம். மெல்லிசு துணிக்கு சமாளிச்சுரும், மூணு லேயர்ல திணறும்னார். புது மிஷின்ல டைமிங் தப்பு! டிஸ்ப்ளேல கிடந்ததையோ யாரோ திருப்பிக் குடுத்ததையோ என் தலையில கட்டியிருக்காங்கன்னுதான் எனக்குப் படுது.

இதை விடக் கொடுமை ஒண்ணு இருக்கு. ஐயா கேட்டார், “உங்க பழைய கறுப்பு மிஷின் என்னாச்சும்மா? அந்த மாதிரி மிஷின் பலதுல பலகைக்கு அடியில பல்லை இறக்குற திருகு இருக்குமே. அதை இறக்கித்தான் அந்தக் காலத்துல வட்டச்சட்டம் போட்டு எம்ப்ராய்டரி பண்ணுவோம்.” கடைக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? அன்னிக்கு மிஷினைச் சாய்ச்சு அடியில பாத்துட்டுத்தான் 2,000ன்னு விலை சொன்னார். போன வாரம் அவர் ஸ்டேட்டஸ்ல அதே மிஷின், எண்ணெய் போட்டுத் துடைச்சு, “எம்ப்ராய்டரிக்கு ஏற்றது, 6,500”. எங்க அத்தை ஒட்டின முருகன் ஸ்டிக்கரைக் கூடப் பிய்க்கல.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்துச்சு, பதில் இல்ல. இப்ப போட்டோவே தெரியல, பிளாக் பண்ணிட்டார் போல.

விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. காட்டின மிஷினைத்தான் பெட்டியில போடுறாங்களான்னு மாடல் நம்பரைக் கடைசி எழுத்து வரைக்கும் பாருங்க. உங்க மூணு லேயர் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்த மிஷின்லயே ஓட்டச் சொல்லுங்க. பில் குடுக்காம விடுறது சட்டப்படி தப்பு. கோளாறான பொருளை, பில்லுல கெடு போடலைன்னா, 30 நாளுக்குள்ள திரும்ப எடுக்க மாட்டேங்கிறதும் தப்புதான், 2019 நுகர்வோர் சட்டத்துல இருக்கு. 1915ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அடிச்சா புகார் எடுத்துக்கிறாங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்குமான பொருளுக்குக் கட்டணம் இல்ல. நான் ஜிபே ரசீதையும் வீடியோவையும் வச்சுத்தான் போட்டிருக்கேன். பழைய கறுப்பு மிஷினை எக்ஸ்சேஞ்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி அடியில திருகு இருக்கான்னு பாத்துக்கோங்க.

டைமிங் சரி பண்ணத் தெரிஞ்ச மெக்கானிக் வில்லாபுரம், அவனியாபுரம் பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. குவில்ட் ஆர்டர் குடுத்தவங்க அட்வான்ஸைத் திருப்பிக் கேக்குறாங்க.