மாரியில் நிறையும் மலக்குழி: ஆழமாக்குவதா, நீளமாக்குவதா?

கார்த்திகை பிறந்தால் வன்னியில் பல வீடுகளில் ஒரே முறைப்பாடுதான். கொமட்டில் ஊற்றிய தண்ணீர் இறங்காது. குழிக்கு மேலே மண் ஊறிக் கிடக்கும். நாற்றம் குசினி வரைக்கும் வரும். உடனே ஆளுக்கொரு வழி சொல்வார்கள். கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டியைக் கூப்பிடு என்பார் ஒருவர், கடையில் ஒரு தூள் இருக்கிறது என்பார் இன்னொருவர், இரண்டு கொங்கிறீட் வளையம் கூட இறக்கி ஆழமாக்கு என்பார் மேசன். ஆழம் வேண்டாம், மேலாக நீளமாக வாய்க்கால் போல ஒரு கான் வெட்டிச் சல்லி போடு என்று சொல்பவர்கள் மிகக் குறைவு. நான் அந்தக் குறைந்த பேரின் பக்கம். ஆனாலும் எல்லா வளவுக்கும் அது பொருந்தாது. முதலில் கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டும்.

செலவில்லாத நாலு சோதனை

முதலாவது, காலம். மாரியில் மட்டும் அடைத்து, மாசி பங்குனியில் தானாகச் சரியானால், காரணம் நிலத்தடி நீர். ஆடி ஆவணியிலும் அடைத்தபடியே இருந்தால், குழியில் சேறு நிறைந்திருக்கும், அல்லது சுற்று மண்ணில் கறுத்த வழுவழுப்பான படை பிடித்திருக்கும். காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கழிவை உண்டு வளர்க்கும் படை அது. மண்ணின் கண்களை அது மூடிவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முரசுமோட்டை, கண்டாவளை, வட்டக்கச்சி போன்ற இரணைமடு வாய்க்கால் ஓடும் ஊர்களில், சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்தால் கோடையிலும் கிணறு ஏறும். அங்கே மழையை மட்டும் பார்க்காமல் வாய்க்கால் திறந்த நாளையும் பாருங்கள்.

இரண்டாவது, கிணறு. நில மட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே நிற்கிறது என்று கயிறு விட்டு அளவுங்கள். குழியின் ஆழம் 8 அடி, தண்ணீர் 4 அடியில் நிற்கிறது என்றால், குழியின் பாதி ஏற்கனவே நிலத்தடி நீருக்குள் இருக்கிறது. அந்தக் குழி எதை உறிஞ்சும்?

மூன்றாவது, பவுசர் வரும் நாள். சேறு தங்கும் செப்டிக் தாங்கியை உறிஞ்சி எடுக்கும்போது, அதிலிருந்து உறிஞ்சுகுழிக்குத் தண்ணீர் போகும் குழாயின் வாயைப் பாருங்கள். உறிஞ்சுகுழிப் பக்கமிருந்து தண்ணீர் திரும்பி ஓடிவந்தால், கோளாறு நிலத்தில். ஒரு சொட்டும் வராவிட்டால், தாங்கியில் சேறு கூடியிருக்கும் அல்லது இடையில் குழாய் அடைத்திருக்கும். வேலை சின்னது.

கடைசியாக, கொமட் தொட்டி. அதற்குள் கேசரிச் சாயம் கொஞ்சம் கரைத்துவிட்டு, தண்ணீர் அடிக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். கோப்பையில் நிறம் வந்தால் அங்கே கசிகிறது. அந்தக் கசிவு நாளுக்கு நூற்றுக்கணக்கான லீற்றரைக் குழிக்குள் விடக்கூடியது. ஒரு றப்பர் வளையத்தோடு முடிகிற பிரச்சினைக்குப் பலர் குழி வெட்டிவிடுகிறார்கள்.

பவுசரும் தூளும்

ஒழுங்கான தாங்கியை 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு தடவை உறிஞ்சி எடுப்பது நல்ல பழக்கம். ஆனால் மண் உறிஞ்சாத வீட்டுக்கு அது மருந்தல்ல, கொஞ்ச நாள் அவகாசம் மட்டும். அடியில் கொங்கிறீட் போடாத வளையக் குழியை மாரியில் வெறுமையாக்கினால், வெளியிலிருக்கும் நிலத்தடி நீரே உள்ளே வந்து நிறைத்துவிடும். பிளாஸ்டிக் தாங்கியை மாரியில் முழுக்க வெறுமையாக்கினால் அது மிதந்து மேலே வந்து குழாயையும் உடைக்கும்.

தூளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நுண்ணுயிர் சேர்ப்பதாகச் சொல்லி விற்கிறார்கள், ஆனால் கழிவிலேயே வேண்டிய அளவு நுண்ணுயிர் இருக்கிறது. கோஸ்ரிக் சோடா, அமிலம் ஊற்றுவது மண்ணையும் கெடுக்கும், கிணற்றுக்கும் ஆகாது.

ஆழமா, நீளமா

ஆழமாக்கச் சொல்பவர்களிடம் ஒரு நியாயம் இருக்கிறது. இடம் குறைவு, வேலை ஒரே நாளில் முடியும், கோடையில் வெட்டும்போது அடிமண் காய்ந்து நன்றாக உறிஞ்சும். ஆனால் மாரி வந்ததும் அந்த ஆழம் முழுக்கத் தண்ணீருக்குள். கழிவு மண்ணில் வடிபடாமல் நேரே நிலத்தடி நீரில் கலக்கும். நாங்கள் குடிப்பதும் அதே நீரைத்தான். கிருமிகளைக் கொல்வது காற்றோட்டமுள்ள மேல்மண். குழியின் அடிக்கும் மாரி நீர்மட்டத்துக்கும் நடுவில் 2 அடியிலிருந்து 4 அடி வரை காய்ந்த மண் இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். எனவே வன்னியில் ஆழமாக்குவது பெரும்பாலான இடங்களில் கழிவைக் கிணற்றுக்குக் கிட்டக் கொண்டுபோகிற வேலை.

முல்லைத்தீவுக் கரையோர மணலில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கே குழி நிறைவதே இல்லை என்று சந்தோசப்படுகிறார்கள். மணல் வடிகட்ட நேரம் கொடுக்காமல் விடுகிறது என்பதுதான் அதன் அர்த்தம். அங்கே கிணற்றைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

தாங்கியிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்கு விடும் சல்லிக் கானுக்கு 2 அடி அகலம், 2 முதல் 3 அடி ஆழம் போதும். அடியில் கருங்கல் சல்லி, நடுவில் துளையிட்ட 4 அங்குலக் குழாய், மேலே மறுபடி சல்லி, அதன்மேல் மண் இறங்காமல் ஒரு துணிவிரிப்பு, பிறகு மண். தென்னம்பொச்சு போட வேண்டாம், உக்கி அடைக்கும்.

நீளத்தைக் கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். 5 பேர், ஆளுக்கு 100 லீற்றர் என்றால் நாளுக்கு 500 லீற்றர். நடுத்தர மண் ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு 20 லீற்றர் உறிஞ்சும் என்று வைத்தால் 25 சதுர மீற்றர் வேண்டும், அதாவது 2 அடி அகலக் கான் ஏறக்குறைய 40 மீற்றர். குளிக்கிற, உடுப்புத் தோய்க்கிற தண்ணீரைப் பிரித்து வாழைக்கு விட்டு, வாளியால் ஊற்றும் மலசலகூடத் தண்ணீரை மட்டும் அனுப்பினால் ஆளுக்கு 25 லீற்றர். கான் 10 மீற்றரில் முடிந்துவிடும். வெளியில் இருந்த மலசலகூடத்தை வீட்டுக்குள் அற்றாச் பாத்ரூமாக மாற்றி, சலவை இயந்திரமும் வாங்கி, பழைய குழியையே நம்பியிருக்கும் வீடுகள் இந்தக் கணக்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வெட்டுமுன் கானின் ஆழத்துக்கு ஒரு சின்னக் குழி தோண்டி, இரவு முழுக்க நனைய விட்டு, மறுநாள் தண்ணீர் 1 அங்குலம் இறங்க எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கான் சரிவராது. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணில் இப்படி ஆகும். கோடையில் வெடித்த பிளவு தண்ணீரை விழுங்குவதைப் பார்த்து ஏமாறக் கூடாது. போர்க்காலத்துப் பழைய பங்கர் மூடிய இடத்திலும் இந்தச் சோதனை பொய் சொல்லும், நிரப்பு மண் இளகியது. சந்தேகமான பொருள் ஏதும் தட்டுப்பட்டால் தொடாமல் வேலையை நிறுத்திப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

முடிந்தால் இரண்டு கான் வெட்டி நடுவில் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு சின்னப் பெட்டி கட்டி, மாறிமாறி விடுங்கள். ஓய்வில் கிடக்கும் கானுக்குள் காற்றுப் போய்க் கறுத்த படை தானாக அழியும். பழைய உறிஞ்சுகுழியும் ஓய்வு கிடைத்தால் ஓரளவு தேறும்.

களிமண்ணுக்கும், மாரியில் நிலத்தடி நீர்மட்டம் நிலத்துக்கு முழங்கால் அளவு கீழே வரைக்கும் ஏறிவிடும் வயலோர வளவுக்கும் மிச்சமிருப்பது மணல் மேடு. நிலத்துக்கு மேலே கழுவிய பருமணல் குவித்து, அதற்குள் குழாய் வைத்து, பம்பினால் ஏற்றுவது. செலவு கூட, கரண்டும் வேண்டும். ஆனாலும் அந்த நிலத்துக்கு அதுதான் நேர்மையான வழி.

எந்த வழியானாலும் கிணற்றுக்கு 50 அடிக்குக் குறையாமல், அதுவும் பள்ளப் பக்கமாக வையுங்கள். வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றையும் அளவுங்கள். இடத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குக் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. குழிக்குள் எவரையும் இறங்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு ஆளைச் சத்தமில்லாமல் விழுத்தும், தூக்கப் போனவரையும் சேர்த்து.

வெட்டுவது ஆடி ஆவணியில். ஈர மண்ணில் மண்வெட்டி பட்டால் கானின் பக்கங்கள் பூசினதுபோல் அடைபடும். இப்போது மாரியிலேயே மாட்டிக்கொண்டவர்கள், குளிக்கிற தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் உடனே வேறு பக்கம் திருப்பி, வாளியால் அளவாக ஊற்றி, கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தபடி பங்குனி வரை சமாளியுங்கள்.