பர்மா பஜாரில் பவர் பேங்க் வாங்கும் முன்

போன சனிக்கிழமை சாயங்காலம் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு சென்னை பர்மா பஜார் போனேன். அவனுக்கு விடுதிக்குக் கொண்டுபோக ஒரு பவர் பேங்க் வேண்டும், எனக்கு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வேண்டும். பீச் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைத் தாண்டினால் இரண்டும் கிடைக்கும்.

போர்டு இல்லாத ஒரு சின்னக் கடை. 20,000 எம்ஏஹெச் (பேட்டரியின் கொள்ளளவு) என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்த ஒன்றைக் காட்டி 1,800 சொன்னார். நான் 500-ல் ஆரம்பித்தேன். நகர்ந்து, திரும்பி, மறுபடி நகர்ந்து கடைசியில் 700-க்குப் படிந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஆனால் பேரத்தில் ஜெயித்த குஷியில் யாருக்கு உறைக்கும்? பையனின் போனைச் சொருகிக் காட்டினார், சார்ஜ் ஏறியது. கையில் வாங்கிப் பார்த்தேன், நல்ல கனம். கனமாக இருந்தால் பேட்டரி பெரிது என்பது என் கணக்கு.

"இது டிஸ்ப்ளே பீஸ் சார், உங்களுக்கு சீல் பிரிக்காதது தரேன்" என்று கீழே குனிந்து வேறொன்றை எடுத்தார். பில் கேட்டேன். "பில் போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும், பரவாயில்லையா?" என்றார். வேண்டாம் என்றேன். ஜிபேயில் பணம் அனுப்பும்போது கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. வீட்டம்மா பெயராக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் செகண்ட் லைன் பீச் பக்கம் அத்தோ. 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு அங்கிருந்து திரும்பிய நம் மக்கள் கொண்டுவந்த சாப்பாடு. ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், நொறுக்கிப் போட்ட பேஜோ என்கிற மொறுமொறு பலகாரம் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். பிசைந்துகொண்டே அத்தோக்காரர் எங்கள் பையைப் பார்த்தார். "பிரிச்சுப் பாத்தீங்களா சார்?" வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். பவர் பேங்க் கடை இருநூறு அடி தூரத்தில்தான் இருந்தது.

வீட்டில் இரவு முழுக்க சார்ஜ் போட்டோம், நாலு விளக்கும் எரிந்தன. 5,000 எம்ஏஹெச் போனுக்கு, வீணாவது போக, இரண்டரை தடவையாவது ஏற வேண்டும். 20 சதவீதம்கூட ஏறாமல் அணைந்துவிட்டது. பையன் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்தான். உள்ளே விரல் அளவு ஒரே ஒரு செல், மீதி இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு கட்டி. டேப்பை உரித்தால் காய்ந்த களிமண். நான் மெச்சிய கனம் அதுதான்.

மறுநாளே போனேன். "இது நம்ம கடைப் பொருளே இல்ல சார்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஜிபே ரசீதைக் காட்டினால், அது யார் என்றே தெரியாதாம். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடலாம்தான், ஆனால் என் கையில் பில் இல்லை, கடைக்குப் பெயரும் இல்லை.

அங்கே இருக்கிற எல்லாரையும் சொல்லவில்லை. அதே வரிசையில் வாங்கிய ஹெட்போன் மூன்று வருஷமாக ஓடுகிறது. ஆனால் பவர் பேங்க் வாங்கினால் சீல் பிரிக்காததை வாங்கவே வாங்காதீர்கள். உங்கள் கைக்கு வருகிற அதே பீஸைப் பிரித்து, அங்கேயே கால் மணி நேரம் போனில் சொருகிப் பாருங்கள். ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் உள்ள பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு எண் அதில் இருக்க வேண்டும்; பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்தால் யாருடைய எண் என்று காட்டும். 18 சதவீதம் போனால் போகிறது, பில் வாங்குங்கள். 700-க்கு அது 126 ரூபாய்.

திரும்பும்போது பசித்தது. அத்தோக்காரர் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். "பிரிச்சாச்சா சார்?" என்று மட்டும் கேட்டு, சூப்பை இன்னொரு கரண்டி ஊற்றினார்.