25 வயதில் காலேஜ்: ரெகுலரா, மதிய ஷிப்டா, கரஸ்ஸா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாங்கள் நடத்தும் பிரவுசிங் சென்டரில் பகல் முழுக்கப் பிள்ளைகள் கூட்டம்தான். அம்மா அப்பாவோடு வந்து அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுப் போவார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் வேறு. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்தவர், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றவர், சேதராப்பட்டு கம்பெனியிலிருந்து புதுச்சேரி பஸ் பிடித்து வந்து இறங்கியவர். வயது 24, 25, 26. கேள்வி மட்டும் மாறுவதே இல்லை: "அண்ணே, இப்போ ரெகுலர்ல சேர்ந்தா சரியா வருமா, இல்ல கரஸ்லயே போட்டுடவா?"

கரஸ் என்றால் தொலைதூரக் கல்வி. இந்தக் கேள்விக்கு ஊரில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் "வேலைக்குப் போறவனுக்குக் கரஸ்தான்" என்பது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. எந்த வேலைக்காக இந்தப் பட்டம் என்பதை முடிவு செய்யாமல் எந்த வழி என்று பேசுவதில் அர்த்தமில்லை. அதை முடிவு செய்துவிட்டால், பலருக்கு வழி தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் பணம். எல்லாரும் கட்டணத்தைத்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்கான கல்விக் கட்டணத்தை அரசு எப்போதோ நீக்கிவிட்டது. மிச்சம் இருப்பது தேர்வுக் கட்டணமும் சில்லறைக் கட்டணங்களும்தான். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) போன்ற இடங்களில் பி.ஏ., பி.காம். படிக்கவும் வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும். ஆகக் கட்டணத்தை வைத்து இரண்டையும் ஒப்பிட ஒன்றுமில்லை. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. மாதம் 15,000 ரூபாய் வாங்குகிற ஒருவர் மூன்று வருடம் வேலையை விட்டால் 5,40,000 ரூபாய் போகிறது. 18 வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு கிடையாது, அவனுக்கு வீட்டில் சோறு போடுவார்கள். 25 வயதுக்காரர் வீட்டுக்குச் சோறு போடுகிறவர். தங்கையின் கல்யாணக் கடன், அப்பாவின் சுகர் மாத்திரை, குழுக்கடன் தவணை எல்லாம் அந்த 15,000-க்குள்தான் ஓடுகிறது.

அந்த ஐந்தரை லட்சத்தை இழந்தும் ரெகுலரில் சேர வேண்டிய ஆள் யார்? என் கணக்கில் முதல் ஆள், ஆய்வக வேலைக்குப் போக நினைக்கிறவர். கடலூர் சிப்காட் முழுக்க ரசாயன ஆலைகள். உள்ளே ஒப்பந்தத் தொழிலாளியாக மூட்டை தூக்குகிறவரும் தரம் பார்க்கும் கியூ.சி. லேபில் உட்கார்ந்து சாம்பிள் பார்க்கிறவரும் ஒரே கேட்டில்தான் நுழைகிறார்கள். நடுவில் இருப்பது பி.எஸ்சி. வேதியியல். பியூரெட்டைக் கையில் பிடித்துப் பழகாமல் அந்த நாற்காலிக்குப் போக முடியாது. அதைத் தபாலில் வரும் புத்தகம் கற்றுக்கொடுக்காது. இன்ஜினியரிங், நர்சிங், சட்டம் ஆகியவற்றிலும் இதே கதைதான். வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டுமானால் தொலைதூரத்தில் படித்த எல்.எல்.பி.யைப் பார் கவுன்சில் ஏற்பதில்லை. புதுச்சேரி காலாப்பட்டு சட்டக் கல்லூரிக்கோ வேறு எதற்கோ நேரில் போய்த்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது ஆள், தானாக உட்கார்ந்து படிக்க வராதவர். இதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் பிளஸ் டூ முடித்து ஏழெட்டு வருடம் பாடப் புத்தகத்தைத் தொடாதவருக்கு வகுப்பறையின் பெரிய பயன் பாடம் மட்டுமில்லை, "நேத்து ஏன் வரல?" என்று கேட்க ஒரு ஆசிரியர் இருப்பது. 75 சதவீத வருகைப் பதிவு இல்லையென்றால் தேர்வு எழுத விடமாட்டார்கள், கொஞ்சம் குறைந்தால் கன்டோனேஷன் என்ற கட்டணம் கட்ட வேண்டும். 18 வயதில் அந்த விதி எரிச்சலாக இருக்கும். 25 வயதில் அதுதான் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது.

வகுப்பில் எல்லாரும் "அண்ணா" என்று கூப்பிடுவார்களே என்ற கூச்சம் பலருக்கு இருக்கிறது. கூப்பிடட்டும். முதல் செமஸ்டரோடு அது பழகிவிடும், அப்புறம் செமினாருக்கு முதலில் பேசச் சொல்லித் தள்ளிவிடுவதும் அண்ணனைத்தான்.

நடுவில் இருக்கும் மதிய ஷிப்ட்

ரெகுலருக்கும் கரஸுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புகள் இரண்டு சுழற்சியாக நடக்கின்றன. இரண்டாம் சுழற்சி மதியம் தொடங்கிச் சாயங்காலம் முடியும். பட்டம் அதே ரெகுலர் பட்டம்தான், சான்றிதழில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

இது யாருக்குப் பொருந்தும் என்பது கொஞ்சம் வேடிக்கையானது. மாதச் சம்பளக்காரர்களுக்கு அனேகமாகப் பொருந்தாது, அவர்கள் வேலை காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. சிப்காட் ஆட்களுக்கும் கஷ்டம், ஏனென்றால் ஷிப்ட் வாரா வாரம் மாறும். இந்த வாரம் காலை ஆறு மணி ஷிப்ட் என்றால் அடுத்த வாரம் மதியம் இரண்டு மணி, அதற்கடுத்த வாரம் இரவு. நிரந்தரமாகக் காலை ஷிப்ட் வாங்க முடிந்தால்தான் உண்டு, அதற்கும் ஷிப்ட் விடும் நேரமும் வகுப்பு தொடங்கும் நேரமும் ஒத்துவர வேண்டும். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு மதியம் வகுப்புக்குப் போகிறேன் என்பவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன், தூக்கம் இல்லாத உடம்பு ஒரு செமஸ்டர் கூடத் தாங்காது. ஆனால் விடியற்காலை வேலை பார்க்கிறவர்களுக்கு இது கனகச்சிதம். துறைமுகத்தில் மீன் ஏலத்துக்குப் போகிறவர், பால் போடுகிறவர், பேப்பர் ஏஜென்சி வைத்திருப்பவர், காலை டிபன் கடை நடத்துகிறவர். இவர்களெல்லாம் பத்துப் பதினொன்றுக்குக் கை கழுவிவிட்டு, சாப்பிட்டு, தேவனாம்பட்டினம் சாலையில் இருக்கிற பெரியார் கலைக் கல்லூரிப் பக்கம் போய்விடலாம். வருமானம் நிற்காது.

சிக்கல் ஒன்று உண்டு. எல்லாப் பாடமும் எல்லாச் சுழற்சியிலும் இருக்காது. கலந்தாய்வில் எது மிச்சம் இருக்கிறதோ அதுதான். விண்ணப்பிக்கும்போதே தகவல் கையேட்டில் பாடம், சுழற்சி, வயது வரம்பு மூன்றையும் பார்த்துவிட வேண்டும். வயது வரம்பை யாருமே பார்ப்பதில்லை, பிள்ளைகளுக்காக எழுதிய கையேடு என்று நினைத்துப் புரட்டிவிடுகிறார்கள்.

கரஸ்: சேருவது எளிது, முடிப்பது?

சரி, கரஸுக்கு வருவோம். ஷிப்ட் மாறுகிறவர், வீட்டில் கைக்குழந்தை இருப்பவர், வெளியூர் போய் வந்துகொண்டிருப்பவர், இவர்களுக்கெல்லாம் வேறு வழியில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) அனுமதித்த பல்கலைக்கழகத்தில் தொலைதூரத்தில் வாங்கிய பட்டம் ரெகுலர் பட்டத்துக்குச் சமம் என்பது விதியிலேயே இருக்கிறது. அரசு வேலைக்கான குரூப் 2 தேர்வு எழுதுவதுதான் நோக்கம் என்றால் நான் கரஸைத்தான் சொல்வேன். அங்கே கேட்பது ஏதாவது ஒரு பட்டம். மிச்ச நேரத்தைப் போட்டித் தேர்வுக்குப் படிக்கச் செலவிடலாம். வயதாகிறதே என்ற பதற்றமும் இங்கே பாதி வீண், பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் வகுப்பினருக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் பல பதவிகளில் உச்ச வயது வரம்பே இல்லை.

ஆனால் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, வரிசை. பத்தாவது, அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையில் படித்திருந்தால்தான் தமிழ்நாட்டு அரசு வேலைக்கு அந்தப் பட்டம் செல்லும். 2009-ஆம் ஆண்டின் 107-ஆம் எண் அரசாணை இதைத்தான் சொல்கிறது. பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்கள் இதில் அடிபட்டார்கள். எல்.எல்.பி. சேரவும் இதே தடைதான். பிளஸ் டூவில் ஒரு பாடம் நிற்கிறது என்றால், முதலில் தனித்தேர்வராக அதை எழுதி முடியுங்கள். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

இன்னொன்று, அனுமதி. நம் பக்கத்தில் கரஸ் என்றாலே சிதம்பரம்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லிருந்து தொலைதூரக் கல்வி நடத்துகிறது, ஒவ்வொரு தெருவிலும் அங்கே படித்த ஒருவராவது இருப்பார். அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றியே 2022-ல் யு.ஜி.சி. ஓர் அறிவிப்பு விட்டது. 2014-15-ஆம் கல்வியாண்டு வரைதான் தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் என்றார்கள், விவகாரம் நீதிமன்றம் வரை போனது. எவ்வளவு பழைய பெயராக இருந்தாலும், நீங்கள் சேரும் அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்பதை யு.ஜி.சி.யின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்ப்பது உங்கள் வேலை. இப்போது சேரும்போதே டெப் ஐடி என்று ஓர் எண் உருவாக்கச் சொல்கிறார்கள், அதைக் கேட்காமல் சேர்த்துக்கொள்கிறேன் என்கிற இடத்தில் காலை வைக்காதீர்கள். வடநாட்டுப் பல்கலைக்கழகப் பெயர்ப் பலகை மாட்டி, மாடியில் ஒரே அறையில் நடக்கும் "ஸ்டடி சென்டர்"களும் அப்படித்தான். ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லையைத் தாண்டி இங்கே தொலைதூர மையம் நடத்த விதியில் இடமில்லை.

இவை இரண்டையும் சரியாகச் செய்தவர்கள் கூடக் கடைசியில் மாட்டுவது முடிக்காமல் விடுவதில்தான். மூன்று வருடப் படிப்பை ஆறு வருடம் வரை முடிக்கலாம் என்று இக்னோ இடம் கொடுக்கிறது. அந்த இடமே பள்ளமாகிவிடும். புத்தகப் பார்சல் வரும், பிரிக்காமல் பீரோ மேல் போகும். அசைன்மென்ட் கடைசி நாளில் ஞாபகம் வரும். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும். டிசம்பர் என்றால் கடலூரில் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய நாளில் ஹால் டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும். ரெகுலர் கல்லூரிக்காவது கலெக்டர் லீவு விடுவார்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஆல்பேட்டையைத் தாண்டினால், முள்ளோடையிலிருந்து புதுச்சேரி. அங்கே அரசுக் கல்லூரிகளுக்கு சென்டாக் என்ற மாணவர் சேர்க்கைக் குழு வழியாகத்தான் போக வேண்டும், குடியிருப்புச் சான்று இல்லாத கடலூர்க்காரருக்கு லாஸ்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி தூரத்துப் பச்சைதான். பாகூர், கன்னியக்கோயில்காரர்களுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை. அவர்களுக்குப் பஸ்ஸில் கடலூர்தான் பக்கம், ஆனால் அவர்கள் கையில் இருக்கும் சாதிச் சான்று புதுச்சேரி கொடுத்தது, இங்கே பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும்.

படிப்பின் நீளமும் இப்போது வேறு. புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் புதிய கல்விக் கொள்கைப்படி நான்கு வருட இளநிலை வந்துவிட்டது, மூன்று வருடத்தோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வரவும் வழி உண்டு. தமிழ்நாட்டில் மூன்று வருடம்தான். 25 வயதில் சேர்கிறவர் அந்த நான்காவது வருடத்தை யோசிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து, ஆராய்ச்சிக்குப் போகிற எண்ணம் இருந்தால் தவிர.

லாஸ்பேட்டையிலேயே பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி இருக்கிறது, 1995-ல் நாட்டிலேயே முதலில் வந்தது என்பார்கள். கைத்தொழில் சார்ந்த படிப்பு வேண்டுமென்றால் அதையும் பாருங்கள். பாலிடெக்னிக்கும் ஒரு வழி. பிளஸ் டூ அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு நேரடியாக இரண்டாம் வருடம், இரண்டே வருடத்தில் டிப்ளமோ.

பெண்களுக்குக் கணக்கு வேறு

பகல் பதினொரு மணிக்கு, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வருகிற பெண்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். "அண்ணா, வீட்ல கரஸ்னா சரின்னுட்டாங்க" என்று ஆரம்பிப்பார்கள். வீடு சம்மதிப்பதற்குக் காரணம், கரஸ் யார் கண்ணிலும் படாது, சமையல் நேரத்தைத் தொடாது. அதே காரணத்தால்தான் அது நின்றும் போகிறது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் போவது மருமகளின் தேர்வு. வெளியே கிளம்பிப் போகிற கல்லூரிக்கு ஒரு மரியாதை இருக்கிறது, "அவ காலேஜ் போயிருக்கா" என்று வீடு தன்னைச் சரிசெய்துகொள்ளும். டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கேட்டுப் பார்க்கலாம், தொலைதூரத்தில் படித்தால் அது கிடையாது. குழந்தை பள்ளிக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டால், பெண்களுக்கு நான் ரெகுலரைத்தான் சொல்கிறேன். வீட்டோடு ஒரு மாதச் சண்டை வந்தாலும்.

எந்த வழியானாலும் காகிதம் ஒன்றுதான்: அசல் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்று. இன்ஜினியரிங் சேர்ந்து பாதியில் விட்டவர்களுக்கு இந்த டி.சி. அந்தப் பழைய கல்லூரியிலேயே கிடக்கும், பாக்கிக் கட்டணம் கேட்பார்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருப்பதைக் காட்டி எழுத்தில் கேளுங்கள். இதைத் தை மாதமே தொடங்கிவிட வேண்டும். இக்னோவில் ஜூலையை விட்டால் ஜனவரி இருக்கிறது. அரசுக் கல்லூரிக்கு மே மாதம் கையில் டி.சி. இல்லையென்றால் அடுத்த மேதான், அதற்குள் வயது வரம்பு முந்திக்கொள்ளவும் கூடும்.